நானூற்று எழுபத்தொன்பது வருஷத்து ரோடன்பெக்

என் பெயர் கிளமென்ஸ் டிக்கஸ். மாட்டு வியாபாரம். என் அப்பாவும் மாட்டு வியாபாரி, அவருடைய அப்பாவும் அதுதான். எங்கள் வீட்டுக் குழந்தைகள் 'அம்மா' என்று சொல்வதற்கு முன்பே 'கட்டுப்படியாகாது' என்று சொல்லப் பழகிவிடும். பால் வற்றிய பசு, முட்டுகிற காளை, ஒரு கண் தெரியாத குதிரை, எல்லாவற்றையும் வாங்கி விற்றிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதனின் குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டு வேறு பெயரை மாட்டி ஓட்டிக்கொண்டு வரச் சொன்னவர் அலோய்ஸ் ரோடன்பெக் ஒருவர்தான்.

1977ஆம் வருஷம், ஈஸ்டர் முடிந்த வாரம். செவ்வாய்ச் சந்தையில் நான் ஒரு கிடேரியின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலோய்ஸ் பின்னால் வந்து நின்றார்.

"கிளமென்ஸ், ஒரு வேலை இருக்கு. மாடு இல்ல."

"மாடு இல்லாம உங்களுக்கு என்கிட்ட என்ன வேலை?"

"மாப்பிள்ளை."

அலோய்ஸுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மனைவி இல்லை. நூறு ஏக்கர் நிலம், நாற்பது கறவை, ஒரே மகள் ரைன்ஹில்ட். இவற்றையெல்லாம்விட அவருக்குப் பெரிய சொத்து ஒன்று உண்டு, பெயர். 1498இல் பிஷப்புக்கு வரி கட்டிய பண்ணைகளின் பட்டியலில் 'ரோடன்பெக், நான்கு ஆட்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, கூடத்தில் மான்கொம்புக்கும் டெலிபோனுக்கும் நடுவில் மாட்டியிருந்தார். எங்கள் மாவட்டத்தில் வரி கட்டியதைப் பெருமையாகச் சுவரில் மாட்டியவர் அவர் ஒருவர்தான். தபால்காரர், பால்மானி விற்க வந்தவர், யாராக இருந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் நின்று 'நானூற்று எழுபத்தொன்பது வருஷ ரத்தம்' என்பதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக முடியும்.

ரைன்ஹில்டுக்கு முப்பத்து மூன்று வயது. எவால்ட் குல்மனைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். எவால்ட் கால்நடைச் சங்கத்தில் வேலை பார்ப்பவன். தோளில் ஒரு பையோடு பண்ணை பண்ணையாகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவான். காளையே வராமல் வேலை முடிந்துவிடும் என்பதால் ஊரில் அவனுக்குத் 'தோள்பைக் காளை' என்று பெயர். அதைச் சொல்லிச் சிரித்தால் அவனும் கூடச் சிரிப்பான். நல்ல பையன்.

"பையன் நல்லவன்தான்," என்றார் அலோய்ஸ். "பேருதான் சரியில்ல. குல்மன்! ரெண்டு பசு, ஒரு ஆடு வச்சிருந்த குடிசைக்காரங்க. அவன் இந்த வீட்டுக்கு வந்து குல்மன்னு போர்டு மாட்டினா, 1498லேருந்து இருக்கற ரோடன்பெக் என்னோட முடிஞ்சுபோகும். போன வருஷம் புதுச் சட்டம் வந்துருக்கு. பொண்டாட்டி பேரைப் புருஷன் எடுத்துக்கலாம். நீ போயி அவங்கப்பன் லம்பெர்ட்கிட்டப் பேசு."

"பேசறேன். பதிலுக்கு என்ன தரீங்க?"

"பண்ணை."

"எப்போ?"

கிடேரியின் வாலை நன்றாகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கு என்னய்யா அவசரம்? நான் நல்லாத்தானே இருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. பெயர் இப்போது, பண்ணை எப்போதோ. சந்தையில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். மாட்டை இன்றைக்கே அவிழ்த்துக்கொண்டு போவார்கள், பணம் அறுவடைக்கு அப்புறம் என்பார்கள். எந்த அறுவடை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அன்று சாயங்காலமே லம்பெர்ட் குல்மன் வீட்டுக்குப் போனேன். லம்பெர்ட் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. குரல் மட்டும் இன்னும் வண்டி எஞ்சினுக்கு மேலே கேட்கிற மாதிரியே இருக்கும்.

"என்னது? பேரை மாத்தணுமா? என் பையன் என்ன பேரில்லாம பொறந்தானா? அந்தக் கிழவன்கிட்டப் போயி சொல்லு, அவன் பால்ல தண்ணி இருந்த நாளெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குன்னு!"

எவால்ட் மூலையில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணுமில்லப்பா. நான் போற எடத்துல எந்தப் பசுவும் என் பேரைக் கேட்டதில்ல."

"நீ வாயை மூடு! குல்மன் பேரை வித்துட்டா நாளைக்கு என் கல்லறையில யாருடா பூ வைப்பா? ரோடன்பெக்கா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். முதல் நாள் பேரம் எப்போதும் அப்படித்தான். விற்கிறவன் கத்துகிறான் என்றால் விற்க மனம் இருக்கிறது என்று அர்த்தம். மனம் இல்லாதவன் காபி கொடுத்து அனுப்பிவிடுவான்.

மறுநாள் என் மாட்டுக்கொட்டிலுக்கு ரைன்ஹில்ட் வந்தாள். டிராக்டரை அணைக்காமலே இறங்கினாள்.

"கிளமென்ஸ் மாமா, எவால்ட் பேருக்கு எங்கப்பா என்ன விலை சொன்னார்?"

"பண்ணையை."

"தேதி சொன்னாரா?"

நான் வாளியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள்.

"பதினாலு வயசுலேருந்து அந்த வீட்ல பால் கறக்கறேன். ஒரு காகிதத்துல என் பேரு இல்ல. கறவை மெஷின் மாத்தணும்னா அவரு முடிவு. வேலிக்கம்பி வாங்கணும்னா அவரு முடிவு. எவால்ட் வந்தா அவனும் ஒரு பண்ணையாளு, சம்பளமில்லாத ஆளு. எழுவத்தஞ்சு வயசுல கையெழுத்துப் போடறேம்பார். எழுவத்தஞ்சுல எண்பதும்பார். நான் கல்யாணம் பண்ணிக்கிட்டு அவருக்குக் காவல் காக்கணுமா? தேதி இல்லாம எவால்ட் பேரை விக்க மாட்டான். நானும் அங்க இருக்க மாட்டேன். சங்கத்துல எனக்கு ஒரு வேலை கேட்டு வச்சிருக்கேன்."

"இதை அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொன்னா, 'போ'ம்பார். அவரு 'போ'ன்னு சொல்லிட்டா நான் போயிடுவேன். ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாத மண்டை."

இதுதான் நிலவரம். அவளுக்கு எவால்டும் வேண்டும், பண்ணையும் வேண்டும். அப்பாவுக்குப் பெயரும் வேண்டும், சாவியும் தன் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். பெந்தெகொஸ்தேக்கு முன் வெள்ளிக்கிழமை கல்யாணப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கியாகிவிட்டது.

அலோய்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. சரக்கின் மதிப்பைக் காட்டினால் லம்பெர்ட் வழிக்கு வருவார் என்று நினைத்தார். நானே சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு மோசமான யோசனை வந்திருக்காது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை கெர்புர்க் ஃபென்னமன் அம்மாளிடம் போய், ரோடன்பெக் வம்சம் முழுவதையும் மாதா கோயில் பதிவேடுகளிலிருந்து எழுதித் தரச் சொன்னார். பழைய கையெழுத்தும் லத்தீனும் படிக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் அவர் ஒருவர்தான். மூன்று வாரம் அந்த அம்மாள் பாதிரியார் வீட்டு மாடியில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு இரண்டு குடும்பத்தையும் அலோய்ஸ் தன் வீட்டுக் கூடத்துக்குக் கூப்பிட்டார். வெண்ணெய் கேக், மெழுகு தேய்த்த மேஜை, நல்ல கோப்பைகள். சாட்சிக்கு நான். லம்பெர்ட் கோட்டுப் போட்டுக்கொண்டு, கேக்கைச் சாப்பிடலாம் ஆனால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிங்க டீச்சர்," என்றார் அலோய்ஸ். "முதல்லேருந்து. மெதுவா. லம்பெர்ட்டுக்குப் புரியணும்."

ஆசிரியை நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். வருகைப்பதிவு எடுக்கிற அதே குரல். "அலோய்ஸ், மூணு எடத்துல சிக்கல் இருக்கு."

"சிக்கலா? திருட்டா? கொலையா?"

"கல்யாணம்."

"கல்யாணத்துல என்ன சிக்கல்?"

"1712. யோஹான் ரோடன்பெக் சாகறார். கொழந்த இல்ல. அவரு விதவை எல்ஸ்கே பதினோராவது வாரத்துல ஒரு தையக்காரரைக் கட்டிக்கறா. யோர்கன்னு பேரு. கோயில் புத்தகத்துல அன்னிலேருந்து அவரு யோர்கன் ரோடன்பெக்."

அலோய்ஸின் கோப்பை பாதி வழியில் நின்றது. "தையக்காரனா?"

"நல்ல தையக்காரர்னுதான் போட்டிருக்கு. அடுத்தது 1761. அந்தத் தையக்காரர் மகன் அம்மையில போயிட்டார். அவரோட விதவை, மாவு மில்லுல மூட்டை தூக்கின ஆளைக் கட்டிக்கறா. அவரும் ரோடன்பெக் ஆயிட்டார். அப்புறம் அவளும் செத்துப்போனா. அவரு வேற ஊர்லேருந்து ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டார். உங்க வம்சம் அந்த ரெண்டாவது பொண்ணுக்குப் பொறந்தது."

லம்பெர்ட் கேக்கை நன்றாக மெல்ல ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்," என்றேன் நான். வியாபார புத்தி, கணக்கைச் சரிபார்க்காமல் இருக்க முடியாது. "அப்படின்னா புருஷன் வெளியாளு, பொண்டாட்டியும் வெளியாளு. ரெண்டு பேருக்கும் பொறந்த கொழந்தைங்க ரோடன்பெக்கா?"

"இந்த வீட்ல பொறந்தாங்க. ரோடன்பெக்தான். மூணாவது, 1843. ஒரே மக. கட்டிக்கிட்டவரு ஹெர்மான். முதுகுல கூடை கட்டிக்கிட்டு ஊர் ஊரா ஊசி, நாடா, துணி வித்தவர். அலோய்ஸ், அவரு உங்க தாத்தாவோட அப்பா."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அலோய்ஸின் கையைக் குலுக்கினேன். "நம்ம ஆளா நீங்க! முன்னாடியே சொல்லியிருந்தா சந்தையில உங்களுக்குத் தள்ளுபடி குடுத்திருப்பேனே!"

"உக்காருய்யா!" அலோய்ஸ் சட்டம் போட்ட படத்தைப் பார்த்தார். படத்தில் 1498 அப்படியே இருந்தது. "அப்போ அந்தப் பழைய ரத்தம்? அது எங்க டீச்சர் போச்சு?"

ஆசிரியை ஒரு பக்கம் திருப்பினார். அவருக்கு இந்த இடம் பிடித்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"செத்துப்போன யோஹானுக்கு டிர்க்னு ஒரு தம்பி. 1705லயே பக்கத்துல ஒரு குடிசைப் பண்ணைக்கு மாப்பிள்ளையாப் போயிட்டார். போனதும் அந்த வீட்டுப் பேரை எடுத்துக்கிட்டார். வேற அடுப்புக்குப் போனவருக்கு இங்க பாத்தியதை இல்ல, அதனால அண்ணன் செத்தப்பவும் திரும்பி வரல. அவரு வம்சத்துல இன்னிக்கு வரைக்கும் அப்பனுக்கு மகன், மகனுக்கு மகன், ஒரு எடத்துலயும் அறுபடல."

"எந்தக் குடிசை?"

"குல்மன்."

லம்பெர்ட்டுக்குப் புரை ஏறியது. எவால்ட் முதுகில் தட்டினான். தண்ணீர் குடித்து முடித்ததும் லம்பெர்ட் எழுந்து நின்றார். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, வாங்க வந்தவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ஜன்னல் திரை எனக்குப் பிடிக்கல," என்றார்.

"டேய் லம்பெர்ட்!"

"நான் 1498டா. நீ மூட்டை தூக்கினவன். கொஞ்சம் மரியாதையாப் பேசு. கிளமென்ஸ், எழுதிக்கோ, என் மகன் ரோடன்பெக் பேரை எடுத்துக்குவான். எங்க பேரை நாங்க திருப்பி எடுத்துக்கறோம்."

"திருப்பி எடுக்கறதா? நான் குடுக்கறேன்!"

"ஒன்னோடதா இருந்தாத்தானே நீ குடுக்க?"

வியாபாரத்தில் இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. மூன்று வாரமாக ஒருவர் கேட்டு, ஒருவர் மறுத்த பொருளை இப்போது வேண்டாம் என்றவர் கேட்கிறார், வேண்டும் என்றவர் மறுக்கிறார். அலோய்ஸ் கத்திய கத்தலில் கொட்டிலில் மாடுகள் எழுந்துகொண்டன. இந்தக் கல்யாணம் நடக்காது, பெயர் தன்னோடு செத்தாலும் சரி, லம்பெர்ட்டின் பேரன் 'நான்தான் அசல்' என்று இந்தக் கூடத்தில் திரிய விடமாட்டேன் என்றார். எவால்ட் வெளுத்துப்போய் ரைன்ஹில்டைப் பார்த்தான். அவள் நகத்தால் மேஜைமேல் சிந்தின சர்க்கரையை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ரத்தம்னு பேசினா வீட்டையே நான் கேக்கணும்," என்றார் லம்பெர்ட்.

"ரத்தமாவது மண்ணாவது!" அலோய்ஸ் மேஜையைக் குத்தினார். "ரத்தத்தை யாருடா பாத்தா? பேருங்கறது அடுப்போடது! எவன் இந்த அடுப்புல சமைச்சுத் திங்கிறானோ அவன்தான் ரோடன்பெக். இதுதான் இந்த வீட்டு வழக்கம். ஒங்க டிர்க்கும் அதே வழக்கத்துலதானே குல்மன் ஆனான்? எங்கப்பா எனக்குச் சொன்னதே இதுதான்!"

அவருடைய அப்பா இதைச் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அலோய்ஸும் அந்த நிமிஷம் வரை கேட்டிருக்க மாட்டார்.

"சரிப்பா," என்றாள் ரைன்ஹில்ட். முதல்முறையாக வாயைத் திறந்தாள். "வழக்கப்படியே செய்வோம். டீச்சர், அந்தத் தையக்காரருக்குப் பேரு எந்தத் தேதியில வந்துச்சு?"

"கல்யாணத்தன்னிக்கு."

"பண்ணை எப்போ கைக்கு வந்துச்சு?"

ஆசிரியை விரலை வைத்துப் பார்த்தார். "அன்னிக்கே. நிலம் மடத்தோடது. மடத்துக் கணக்கர் காலையில பண்ணையை அவருக்கு எழுதிக் குடுத்தார், மத்தியானம் கோயில்."

"மூட்டை தூக்கினவருக்கு?"

"ஒரே நாள்."

"கூடைக்காரருக்கு?"

"அப்போ மடம் இல்ல. காலையில கோர்ட்டு, மத்தியானம் கோயில். ஒரே நாள்."

"பேரை வாங்கிக்கிட்டு, பண்ணைக்குக் காத்துக்கிட்டிருந்தவங்க யாராவது உண்டா?"

"ஒருத்தர்கூட இல்ல."

அலோய்ஸ் என்னைப் பார்த்தார். நான் கேக்கைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் தரகனாக இருப்பவன் சில நேரம் கேக்கைத்தான் பார்க்க வேண்டும்.

"எவால்ட் உங்க பேரை எடுத்துக்குவான்பா," என்றாள் அவள். "அன்னிக்குக் காலையில நீங்க பண்ணையை எங்க பேருக்கு எழுதிக் குடுங்க. இந்த வீட்டு வழக்கம். இல்லன்னா வழக்கம் இல்லன்னு சொல்லுங்க, ரத்தம்தான்னு சொல்லுங்க. அப்புறம் லம்பெர்ட் மாமா ஜன்னல் திரையைப் பத்திப் பேசுவார். அதுவும் இல்லன்னா திங்கக்கிழமை நான் சங்கத்துல வேலைக்குச் சேர்றேன். மூணுல ஒண்ணு எடுத்துக்கோங்க."

லம்பெர்ட் வாயைத் திறந்தார். எவால்ட் அதில் ஒரு துண்டு கேக்கை வைத்தான். அந்தப் பையனிடம் இவ்வளவு சமயோசிதம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அலோய்ஸ் எழுந்து கண்ணாடி அலமாரியிலிருந்து கோர்ன் பாட்டிலை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போல் தெளிந்த தானியச் சாராயம். தனக்கு மட்டும் ஒன்று ஊற்றிக் குடித்தார்.

"பண்ணையைக் குடுத்த கெழவங்களுக்குன்னு கட்டின அந்தக் கொல்லை வீட்டுக்கு நான் போகணுமா?"

"வழக்கம்."

"தெற்குப் பார்த்த அறை எனக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறையைக் கேட்டுவிட்டார். இனி மிச்சமெல்லாம் என் தொழில். பண்ணையை ஒப்படைக்கும் கிழவருக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒன்றுவிடாமல் எழுதுவது எங்கள் வழக்கம். ரைன்ஹில்டின் கையை இடதுகையால் பிடித்தேன், அலோய்ஸின் கையை வலதுகையால் பிடித்தேன். ஒவ்வொரு பேச்சுக்கும், சந்தையில் செய்கிற மாதிரி, அவர்கள் கைமேல் கை அடிக்க வேண்டும். அடித்த கையை இருவரும் எப்போது விடாமல் பிடித்துக்கொள்கிறார்களோ அப்போது பேரம் முடிந்தது.

"தினம் ஒரு லிட்டர் பால்," என்றார் அலோய்ஸ். அடித்தார்.

"சரி."

"நவம்பர்ல பன்னி அறுக்கும்போது பாதி."

"கால். பல்லே பாதிதான் இருக்கு."

"கால்னா, தொடையோட."

"தொடையோட."

"வாரத்துக்குப் பதினாலு முட்டை."

"ஏழு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டர் பண்ணையை வாங்கல! பன்னெண்டு."

"எட்டு."

"பத்து. உங்கம்மா பத்து குடுப்பா."

"அம்மா மூணு குடுத்தாங்க, ஏழு நீங்க கொட்டில்ல திருடித் தின்னீங்க. ஒம்பது."

ஒன்பதுக்கு அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் காரில் கொண்டுபோய்விட வேண்டும். சனிக்கிழமை சீட்டாட்டத்துக்கும் கொண்டுபோய்விட்டு, எந்த நிலைமையில் இருந்தாலும் திருப்பிக் கூட்டிவர வேண்டும். அதற்கும் அடித்தார்கள். உள்ளங்கை சிவந்துவிட்டது. கடைசியாக அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கொட்டிலுக்கு வரலாமில்ல?"

"வரலாம். பேசக் கூடாது."

"மாட்டுகிட்டயா?"

"என்கிட்ட. அதைச் செய்யாத, இதைச் செய்யாதன்னு."

"மாட்டுகிட்டப் பேசலாமா?"

ரைன்ஹில்ட் கொஞ்சம் யோசித்தாள். "பேசலாம்."

அடித்தார். கையை விடவில்லை. அவளும் விடவில்லை.

பெந்தெகொஸ்தேக்கு முந்தைய வெள்ளி, காலை ஒன்பது மணி, பத்திரப் பதிவாளர் அலுவலகம். அலோய்ஸ் கறுப்பு கோட்டு. ரைன்ஹில்ட் கல்யாண உடை. பால் கறந்துவிட்டு வந்ததால் தலையில் ஒரு வைக்கோல் இருந்தது, நான் எடுத்தேன். பதிவாளர் ஐம்பது நிமிஷம் படித்தார். நூறு ஏக்கரைப் படித்தபோது யாரும் அசையவில்லை. 'வாரத்துக்கு ஒன்பது முட்டை' என்று படித்தபோது அலோய்ஸ் கையைத் தூக்கினார்.

"'கோழி முட்டை'ன்னு போடுங்க. இவ புறா முட்டையைக் குடுத்தாலும் குடுப்பா."

போட்டார்கள். லம்பெர்ட் சாட்சி. கையெழுத்துப் போடும்போது, கூடைக்காரர் வம்சத்துக்குப் பேனா பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். பால்வண்டிக்காரனைவிடத் தெரியும் என்றார் அலோய்ஸ். எல்லாப் பக்கத்திலும் போட்டு முடித்தார். பேனாவை மூடினார். திறந்தார். இன்னும் ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று புரட்டினார். இல்லை.

பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரைன்ஹில்ட் அதை எண்ணிப் பார்க்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றார் அலோய்ஸ், யாரையும் பார்க்காமல்.

"கார்ல போயி உக்காருங்கப்பா. பதினோரு மணிக்கு எனக்குக் கல்யாணம் இருக்கு."

வெளியே அவருடைய மெர்சிடிஸ் நின்றது. பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனார். அங்கே எவால்ட், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் குல்மன், கதவைப் பிடித்துக்கொண்டு தர்மசங்கடமாக நின்றுகொண்டிருந்தான். அலோய்ஸ் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பின்கதவைத் திறந்து ஏறி, தன் சொந்தக் காரின் பின்சீட் எவ்வளவு இடுக்கு என்பதை வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார்.

"முன் சீட்டைக் கொஞ்சம் தள்ளுடா, ரோடன்பெக்," என்றார்.